சத்தமில்லாத சைக்கிள்

எண்ணெய் மறுபடியும் குறைந்திருந்தது.

துரைராசு மரம் அறுக்கும் மெஷினைத் தூக்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். நேற்று சாயங்காலம் பிளேடைச் சுற்றி ஓடும் செயினுக்கான ஆயிலை அவர் கையால்தான் கழுத்துவரை ஊற்றியிருந்தார். அதற்குப் பிறகு மெஷினை ஓட்டவே இல்லை. இப்போது பாதிக்கும் கீழே இருந்தது. பெட்ரோல் மட்டும் வைத்தது வைத்தபடி இருந்தது.

"மலரு! இங்க வந்து பாரு. எவனோ எண்ணெய எடுக்குறான்."

மனைவி மலர்க்கொடி அடுப்படியைவிட்டு வரவில்லை. குரல் மட்டும் வந்தது. "பெட்ரோலை விட்டுட்டு அந்த எண்ணெய எடுக்குறானா? எதுக்கு, வடை சுடவா?"

"கிண்டல் பண்ணாத. ஒழுகியிருந்தா தரை நனைஞ்சிருக்கும்ல? தரையைப் பாரு, காஞ்சு கிடக்கு."

தரை காய்ந்துதான் கிடந்தது. மாட்டுக் கொட்டகையின் பின்பக்கம், பக்கத்து வீட்டு எல்லையில் கட்டியிருந்த கீற்றுத் தட்டியில் ஆணியடித்து மெஷினை மாட்டியிருந்தார். நீளமான பிளேடு மாட்டின் மேலோ மனுசன் மேலோ பட்டுவிடக் கூடாதென்று, அதைத் தட்டியில் இருந்த ஓட்டைக்குள் சாய்வாகச் செருகிவிடுவார். அவ்வளவு பத்திரம்.

துரைராசுவுக்குச் சந்தேகம் புதிதல்ல. பட்டுக்கோட்டையில் இந்த மெஷினை வாங்கியபோதே ஆரம்பித்துவிட்டது. கடைக்காரர் முகம்மது யூசுப், "வேலை முடிஞ்சு எடுத்து வைக்கிறப்போ ஒண்ணு மட்டும் கவனிக்கணுங்க..." என்று ஆரம்பித்தார். துரைராசு கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "பாய், இன்னொரு பொருளைத் தலையில கட்டப் பாக்குறீங்க. அதெல்லாம் நமக்குத் தெரியும்." யூசுப் சிரித்துக்கொண்டே பில்லைக் கொடுத்தார். அந்தச் சிரிப்பையும் துரைராசு சந்தேகப்பட்டுக்கொண்டே வீடு வந்து சேர்ந்தார்.

மெஷின் வாங்கியது ஒரே ஒரு தென்னைக்காக. போன புயலில் வேர் கிளம்பி, கொட்டகையைப் பார்த்துச் சாய்ந்து நின்றது அது. உள்ளே சினைப்பசு, இன்றோ நாளையோ என்று இருந்தது. ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. இன்னொரு காற்று அடித்தால் மரம் மாட்டின் முதுகில்தான் படுக்கும். உச்சியில் கயிறு கட்டி மறுபக்கம் இழுத்துக்கொண்டேதான் அடியை அறுக்க வேண்டும். உச்சிக்கு ஏற அந்தத் தெருவில் ஒரே ஆள் பக்கத்து வீட்டு வீரையன். ஞாயிற்றுக்கிழமை ஏறுவதாகச் சொல்லியிருந்தார்.

"என்னண்ணே, காலையிலயே மெஷினோட?"

துரைராசு தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். பின்னால் வீரையன் சைக்கிளோடு நின்றார்.

"எப்ப வந்த?"

"இப்பத்தான். ஞாயித்துக்கெழமைக்குக் கயிறு நல்லதா இருக்கான்னு கேக்க வந்தேன்."

கயிற்றைப் பற்றிப் பேசி அனுப்பிவிட்டு, துரைராசு அசையாமல் நின்றார். வீரையனின் சைக்கிள் ஊரறிந்த சைக்கிள். வாய்க்கால் பாலத்தில் ஏறும்போதே கிறீச் கிறீச்சென்று அழ ஆரம்பிக்கும். அதைக் கேட்டு உலை வைக்கும் வீடுகள்கூட உண்டு. அந்தச் சைக்கிள் இன்றைக்குப் பூனை மாதிரி வந்திருக்கிறது.

"மலரு," என்றார் மெல்லிய குரலில். "ஆள் கிடைச்சுட்டான்."

"அட, அந்த மனுசனைப் போயா? ஞாயித்துக்கெழமை அவரு ஏறலைன்னா மாட்டுக்கு யாரு பதில் சொல்றது? வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க."

அவர் சும்மாதான் இருந்தார். கை சும்மா இருக்கவில்லை. அன்று சாயங்காலமே மெஷினை நிரப்பி, கோணியில் சுற்றி, மாட்டுத் தவிட்டு டிரம்முக்குள் புதைத்து மூடிவிட்டார். தவிட்டுக்குள் மெஷின் இருக்குமென்று எந்தத் திருடனுக்குத் தோன்றும்?

காலையில் தோண்டி எடுத்தார். எண்ணெய் குறைந்திருந்தது. அதைவிடப் பெரிய கஷ்டம், பசு தவிட்டை முகர்ந்து பார்த்து மூக்கைச் சுருக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வாய் வைக்கவில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். எண்ணெயையும் எடுத்துக்கொண்டு, போகிற போக்கில் தவிட்டில் எதையோ கலந்துவிட்டுப் போயிருக்கிறான் என்று துரைராசு முடிவே கட்டிவிட்டார். சினைமாடு என்றுகூடப் பார்க்கவில்லையே என்று கண் கலங்கிவிட்டது அவருக்கு. மலர்க்கொடி தடுப்பதற்குள் மெஷினையும் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

வீரையன் வீட்டு வாசலில் சைக்கிள் நின்றது. துரைராசு அதன் செயினில் விரலை வைத்து இழுத்தார், முகர்ந்தார். பிறகு மெஷினின் மூடியைத் திறந்து அதையும் முகர்ந்தார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"ஒரே வாசனை!" என்று கத்தினார். "என்னப்பா சொல்ற இதுக்கு?"

வீரையன் சாப்பிட்ட கையோடு வந்தார். "என்னண்ணே சொல்லணும்?"

"எண்ணெய் ஏது?"

"எங்க வீட்டு எண்ணெய்."

"மாட்டுத் தவிட்டுல என்னத்தக் கலந்த?"

வீரையன் முகம் மாறிவிட்டது. "அண்ணே, உங்க கொட்டாய்க்குள்ள நான் காலை வச்சதில்ல. உங்க மெஷினை இந்தக் கை தொட்டதில்ல. எம் புள்ளை மேல சத்தியம். மாட்டுக்கு வெஷம் வைக்கிறவன் ஏறி உங்க மரம் விழ வேணாம். வேற ஆளைப் பாத்துக்குங்க."

கதவு சாத்திக்கொண்டது. அந்தக் கதவுகூடச் சத்தம் போடவில்லை என்பதைத் துரைராசு கவனித்துக்கொண்டார்.

வேறு ஆள் தேடினார். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஒருவர் மரத்தை அண்ணாந்து பார்த்தார், வேரைப் பார்த்தார், டீ குடித்தார், போய்விட்டார். வானம் கறுத்தது. மாட்டை மாற்றிக் கட்ட வேறு கூரையும் இல்லை. மலர்க்கொடி அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டு, பேச வேண்டியதையெல்லாம் பசுவிடம் சொன்னாள். "உனக்கு ஏதாச்சும் ஆனா அது அந்த மரத்தால இல்லடி தாயி. இந்த மனுசனோட வாயாலதான்."

துரைராசு மெஷினை விட்டாரா? இல்லை. இந்த முறை வழிய வழிய நிரப்பி, வீட்டுக்குள் பரணில் ஏற்றி, நேர் கீழே கட்டிலைப் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டார். தன்னைத் தாண்டி எவன் ஏறுகிறான் பார்க்கலாம். பார்த்துக்கொண்டே மத்தியானத் தூக்கம் தூங்கிப்போனார்.

சொத்தென்று உச்சந்தலையில் ஏதோ விழுந்தது.

அலறிக்கொண்டு எழுந்தார். "பல்லி! தலையில பல்லி!"

ஓடிப்போய்த் தினசரிக் காலண்டரின் அட்டையைப் பார்த்தார். பல்லி விழும் பலன். தலை: கலகம்.

"அதான் விழுறதுக்கு முன்னாடியே நடத்தி முடிச்சுட்டீங்களே," என்றாள் மலர்க்கொடி, கோபத்தையும் மறந்து. கிட்டே வந்தவள் அவர் வழுக்கையில் விரலை வைத்து, முகர்ந்து, அந்த விரலை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். "இந்தாங்க, உங்க திருடன்."

இரண்டு பேரும் அண்ணாந்து பார்த்தார்கள். பரண் பலகை இடுக்கில் அடுத்த சொட்டு திரண்டுகொண்டிருந்தது.

அரை மணி நேரத்தில் துரைராசு பட்டுக்கோட்டையில் இருந்தார்.

"சும்மா கிடந்தாலும் இந்த மெஷின்ல பிளேடு வழியா எண்ணெய் கசியுங்க," என்றார் யூசுப். "எந்தக் கம்பெனி மெஷினும் அப்படித்தான். வேலை முடிஞ்சதும் எண்ணெயை வடிச்சுட்டு வைக்கணும். அன்னிக்கு அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்கதான் எல்லாம் தெரியும்னுட்டீங்க."

கசிந்தது எண்ணெய். தவிட்டில் ஊறியதும் அதே எண்ணெய். ஒரு பாவமும் அறியாத மனுசனைத் தெருவில் நிறுத்தித் திருடன் என்று சொல்லியாயிற்று. துரைராசு ஒரு புது டின் செயின் ஆயிலை வாங்கிக்கொண்டு நேரே வீரையன் வாசலுக்குப் போனார். எந்தத் தெருவில் கத்தினாரோ அதே தெருவில், அதே ஆட்கள் முன்னால் நின்றார்.

"தம்பி, எம் மேலதான் தப்பு. மெஷின் தானா ஒழுகியிருக்கு. நான் உம் மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுக்க. இதை வாங்கிக்க."

வீரையன் டின்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "எண்ணெய் எனக்கு எதுக்குண்ணே?" என்றார் தழுதழுத்து. ஆனாலும் வாங்கிக்கொண்டார். "மாடு என்ன பாவம் பண்ணுச்சு. கயித்தை எடுங்க. மழைக்கு முன்னாடி முடிச்சிருவோம்."

வீரையன் உச்சிக்கு ஏறிக் கயிறு கட்டினார். தெருவே கயிற்றைப் பிடித்து இழுத்தது. மெஷின் உறும, மரம் ஒரு நிமிடம் யோசித்து, கொட்டகைக்கு எதிர்ப்பக்கம் போய்த் தடாலென்று படுத்தது. பசு திரும்பிப் பார்த்துவிட்டு அசைபோட ஆரம்பித்தது. மலர்க்கொடி கணவனிடம் பேசினாள். "கையைக் கழுவிட்டு வாங்க" என்று மூன்றே வார்த்தைதான். துரைராசுவுக்கு அதுவே போதுமாக இருந்தது.

மழை இறங்கியது. எல்லாரும் கொட்டகைக்குள் ஒதுங்கி நின்று டீ குடித்தார்கள். "இனிமே யாரையும் சந்தேகப்பட மாட்டேம்ப்பா," என்று துரைராசு வீரையனின் தோளில் கை போட்டார். வீரையன் டம்ளருக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலி டம்ளர்களை வாங்க வந்த வீரையனின் மனைவி ராமாயி, வெறும் ஆணி மட்டும் நின்ற கீற்றுத் தட்டியைப் பார்த்துவிட்டு, மனம் நிறைந்து சொன்னாள்:

"அண்ணே, அதான் எல்லாம் சமாதானமாயிருச்சே, மெஷினைப் பழையபடி இதுலயே மாட்டிருங்க. பிளேடு நுனிக்கு நேரா நான் எங்க பக்கம் வச்ச கொட்டாங்கச்சி, நீங்க எடுத்ததுலேருந்து காஞ்சு கிடக்கு."