செம்புப் போத்தலும் அம்மாமார் ஓட்டமும்

எதையாவது புதிதாகப் படித்துவிட்ட ஒருத்தியோடு ஒரே வீட்டில் குடியிருப்பது சுலபமில்லை. அரைவாசி மட்டும் படித்துவிட்டவள் என்றால் வீட்டுக்காரரை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டில் அந்த ஒருத்தி நான்.

அப்போது மகள் துவாரகா நாலாம் வகுப்பு. வெயிலில் சூடாகும் பிளாஸ்டிக் போத்தல்களிலிருந்து வேண்டாத இரசாயனங்கள் தண்ணீரில் இறங்கலாம் என்று எங்கோ படித்தேன். அன்று மாலையே வீட்டிலிருந்த பிளாஸ்டிக் போத்தல்கள் அத்தனையும் வெளியேறின. வேலையால் வந்த கணவர் ரமணன், ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார்.

"ஒரு போத்தலையும் காணேல்லை. குளிர்தண்ணி குடிக்கிறதுக்கு என்னப்பா செய்யிறது?"

"கொஞ்சம் பொறுங்கோ. ஆராய்ச்சி நடக்குது."

ஆராய்ச்சி என்பது எங்கள் பெருந்தெருவான காலி வீதியின் கடைகளில் ஏறி இறங்கி, போத்தல்களை மோந்தும் தட்டியும் பார்ப்பது. கண்ணாடி நல்லதுதான். ஆனால் துவாரகாவின் கையில் கொடுத்தால் பள்ளிக்கூட வாசலைத் தாண்டாது. அலுமினியத்துக்கு உள்ளே ஏதோ பூச்சாம், அது உரிந்தால்? எவர்சில்வர் ஆஸ்பத்திரிச் சாமான் மாதிரி இருந்தது (அதை நிராகரித்ததற்கு வேறு விஞ்ஞானக் காரணம் எதுவும் கிடையாது). கடைசியில் செம்பைக் கண்டேன். மணப்பெண் மாதிரி மினுங்கியது. தனக்கொன்று மகளுக்கொன்றாக வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தவளின் முகத்தில் அன்று இருந்த பெருமையை இன்று நினைத்தாலும் அவளை ஒரு தட்டுத் தட்டவேண்டும் போலிருக்கிறது.

அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் இல்லங்களுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி. கொளுத்தும் வெயில். விடியவே தேசிக்காய் பிழிந்து, சீனியும் உப்பும் போட்டு இரண்டு போத்தலையும் நிரப்பினேன். ஒன்றைத் துவாரகாவிடம் கொடுத்தேன். மற்றதோடு மைதானத்தில் போய் உட்கார்ந்து, எங்களுக்குக் கீழ்மாடியில் இருக்கும் ஃபரீனாவுக்குச் செம்பின் மகிமையை விளக்கத் தொடங்கினேன். அவள் ஒரு வாய் குடித்தாள். முகம் கோணியது.

"என்ன இது? சல்லிக்காச வாயில வெச்ச மாதிரி இரிக்கி!"

"அதுதான் செம்பின்ர சத்து" என்றேன். நிரூபிப்பதற்காக மிச்சம் முழுவதையும் நானே குடித்தேன்.

ஒலிபெருக்கியில் அம்மாமாருக்கான ஓட்டப்போட்டியை அறிவித்தார்கள். துவாரகா பிள்ளைகளோடு நின்ற இடத்திலிருந்து கையைக் காட்டி "அம்மா, போங்கோ!" என்று குதித்தாள். பஸ்ஸுக்குக்கூட ஓடாத நான் போய்க் கோட்டில் நின்றேன். நின்றதும் வயிறு பிரட்டியது. கண்ணால் தேடினேன். கழிப்பறை முடிவுக்கோட்டுக்கு அந்தப்பக்கம், நேர் எதிரே இருந்தது.

விசில் ஊதினார்கள்.

மற்ற அம்மாமார் முடிவுக்கோட்டுக்காக ஓடினார்கள். என்னுடைய இலட்சியம் அதைவிடத் தூரத்தில் இருந்தது. எல்லாரையும் முந்தினேன். நாடாவை நெஞ்சால் அறுத்தேன். அறுத்த நாடா தோளில் பறக்க, கைதட்டியவர்களைக் கடந்து நேரே கழிப்பறைக்குள் நுழைந்து கதவைச் சாத்தினேன். உள்ளே நான் வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, வெளியே ஒலிபெருக்கி அழைத்தது: "முதலாமிடம் பெற்ற தாயார் உடனடியாக மேடைக்கு வரவும்!"

கழுவித் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது ஃபரீனா முதலுதவிக் கூடாரத்திலிருந்த டாக்டரம்மாவோடு வாசலில் நின்றாள். ஃபரீனா கொண்டுவந்த என் போத்தலை அவர் திறந்து மணந்து பார்த்தார்.

"தேசிக்காயா? செம்புக்குள்ள புளியான சாமான் விடக்கூடாதெண்டு தெரியாதே? புளி செம்பைக் கரைச்சு எடுத்துப்போடும். அதுக்குள்ள பச்சைத் தண்ணி மட்டும்தான்."

துவாரகாவிடம் கொடுத்த மற்றப் போத்தல்!

என்னுடைய இரண்டாவது ஓட்டம் அப்போதுதான் தொடங்கியது. அணிவகுப்புக்கு நின்ற பிள்ளைகளுக்கு நடுவால், கொடி பிடித்தவர்களை இடித்துக்கொண்டு, "துவாரகா! குடியாதை! குடியாதை!" என்று கத்தியபடி ஓடினேன். முதல் ஓட்டத்தைவிட அது வேகம் என்று பார்த்தவர்கள் இன்றும் சொல்கிறார்கள்.

துவாரகா வெட்கத்தில் சுருங்கிப்போய் நின்றாள். "நான் அப்பவே அந்த மரத்தடியில ஊத்திப்போட்டன் அம்மா. அது சரியான கூடாது, வாயில வைக்கேலாது" என்றாள்.

அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். முதல் பரிசு கிடைத்த ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்துப் பள்ளிக்கூட அதிபர் மேடையிலிருந்து இறங்கிவந்து பதக்கத்தை என் கழுத்தில் போட்டுவிட்டார். நான் மறுக்கவில்லை. ஓடியது நான்தானே?

அதற்குப் பிறகு மிச்ச அரைவாசியையும் ஒழுங்காகப் படித்தேன். இப்போது எங்கள் வீட்டில் சாப்பாட்டுக்கு உகந்த எவர்சில்வர் போத்தல்கள். அடியில் எவர்சில்வரின் தரத்தைக் காட்டும் 304 என்று பொறித்திருக்கிறதா, உள்ளே பூச்சு ஏதும் இல்லையா, மூடியின் ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவலாமா என்று பார்த்துத்தான் வாங்குவேன். ஃபிளாட்டில் யார் போத்தல் வாங்கினாலும் முதலில் எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள். ஃபரீனா கடையில் நின்றே வீடியோவில் எடுத்து, "அடியக் காட்டுறன், பாத்துச் சொல்லுங்க" என்பாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நீதிபதி மாதிரித் தீர்ப்புச் சொல்வேன்.

துவாரகா இன்று பள்ளிக்கூட ஓட்ட அணியில் இருக்கிறாள். போன மாதம் அவளுடைய பயிற்சியாளர் எங்களிடம் கேட்டார்: "பிள்ளைக்கு நல்ல வேகம். ஆரிட்ட இருந்து வந்தது?"

"என்னட்ட இருந்துதான்" என்று நான் நிமிர்ந்து நின்றேன்.

"ஓம் சேர்" என்றார் ரமணன். "ஆனா இவவுக்குத் தேசிக்காய்த் தண்ணி குடுத்தால்தான் ஓடுவா."