சர்வருக்குப் படைத்த பச்சைப் பொட்டலம்

"அம்மா, இதுக்கு வாய் எங்க இருக்கு?"

இன்ஜினியர் யாஜூவின் ஐந்து வயது மகள் ஒருமுறை அலுவலகத்துக்கு வந்தபோது சர்வரைப் பார்த்துக் கேட்டாள். அதன் தலைமேல் பச்சை நிறச் சோளப்பொரிப் பொட்டலம் ஒன்று பிரிக்கப்படாமல் இருந்தது. ஷின்சூ நகரத்தில் இப்படிப் பொட்டலம் வைத்தால் இயந்திரம் சொன்ன பேச்சைக் கேட்கும் என்பார்கள். இன்ஜினியர்களே வைக்கிறார்கள், பொய்யாகுமா?

அந்த மாதம் பொட்டலம் தோற்றுப்போனது. தினமும் மதியம் அந்த யூனிக்ஸ் சர்வரின் நெட்வொர்க் செத்தது. எனவே மந்திரித்த பொட்டலங்களோடு மந்திரவாதி வெய் மாஸ்டர் வந்தார். கடை விலையைப் போல நாற்பது மடங்கு. மூன்று மாடி ஆட்களும் வாசலில் நெருக்கியடித்தார்கள்.

"கண்ணை மூடுங்க! திறந்தா அருள் ஓடிடும்."

மூன்று நிமிடம். கண்ணைத் திறந்தால் நெட்வொர்க்குக்கு உயிர்! ஒரே கைதட்டல். மறுநாள் மதியம் மறுபடி சாவு; மறுபடி பூஜை, மறுபடி உயிர்.

மாஸ்டர் அதற்கும் காரணம் வைத்திருந்தார். "மத்தியானம் யாரோ உள்ள வந்து சக்தியைக் கலைக்கிறாங்க."

மதியம் உள்ளே போகிறவர் தரை துடைக்கும் லியென் அக்கா மட்டுமே.

"வெள்ளிக்கிழமையோட நின்னுக்கோங்க அக்கா" என்றார் மேலாளர் பெங்.

யாஜூ பக்கத்தில்தான் நின்றாள். வாயைத் திறக்கவில்லை. கடல் அன்னை கோயிலில் தினமும் ஊதுபத்தி ஏற்றுகிறவள் அவள். அன்னை யாருடைய பிழைப்பையும் காணிக்கையாகக் கேட்டதில்லை.

சர்வரின் பதிவேட்டைப் புரட்டினாள். சாப்பாடு முடிந்து, விளக்கணைத்து, அலுவலகமே மேசையில் தலை சாய்க்கிற நேரத்தில்தான் நெட்வொர்க் போயிருந்தது. வேலை இல்லையென்றால் மின்சாரம் மிச்சம் பிடிக்க நெட்வொர்க் அட்டையைத் தூங்கவைக்கும்படி அதன் டிரைவர் மென்பொருளில் ஓர் அமைப்பு. ஒன்றரை மணிக்கு மனிதர்கள் எழுந்தார்கள். அட்டை எழவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால்தான் எழுந்தது.

வியாழக்கிழமை மந்திரித்த பொட்டலத்தை எடுத்துவிட்டாள். தூக்க நேரம் முழுக்க, அட்டை தூங்கிவிடாதபடி, இன்னொரு கணினியிலிருந்து சர்வரை விநாடிக்கு ஒருமுறை கூப்பிட்டுக்கொண்டே இருக்கவைத்தாள். லியென் அக்காவை உள்ளே விட்டு நன்றாகத் துடைக்கச் சொன்னாள்.

ஒன்றரை மணி. நெட்வொர்க் ஜம்மென்று இருந்தது.

"நேத்து அருள் மிச்சமிருக்கும்மா" என்றார் அன்றைய பூஜைக்கு வந்திருந்த மாஸ்டர், அசராமல்.

யாஜூ திரையை எல்லார் பக்கமும் திருப்பினாள். "நேத்து ரெண்டு பத்துக்குக் கேபிள் கழண்டிருக்கு. நாலு விநாடியில மறுபடி மாட்டியிருக்கு. முந்தாநாளும் பூஜை நேரத்துல அதேதான். நாங்க கண்ணை மூடினோம் மாஸ்டர். சர்வர் மூடலை."

முதலில் சிரித்தது லியென் அக்கா. மாஸ்டருக்குத் திடீரென்று வேறொரு ஊரில் வேலை ஞாபகம் வந்தது.

தூங்கவைக்கும் அமைப்பை யாஜூ ஒரே வரியில் அணைத்தாள். பெங் காதுமடல் சிவக்க, "அக்கா, திங்கக்கிழமையும் வந்துடுங்க" என்றார். பிறகு மெல்லக் கேட்டார்: "அப்ப இந்தப் பொட்டலத்தை எங்க வைக்கிறது?"

"எங்க வேணும்னாலும் வைங்க சார். கூடவே மூளையையும் அங்க வெச்சிட்டுப் போயிடாதீங்க."

திங்கட்கிழமை மதியம் விளக்குகள் அணைந்தன. லியென் அக்கா நாற்காலியில் சாய்ந்து உறங்கிக்கொண்டிருந்தார். அன்று வாய் திறக்காமல் நின்றது இன்னும் யாஜூவை உறுத்தியது. சத்தமில்லாமல் வாளியை எடுத்துச் சென்று சர்வர் அறையை மூலைமூலையாகத் துடைத்தாள். துணியைப் பிழிந்து இருந்த இடத்திலேயே வைத்தாள். பிறகு தன் மேசைக்கு வந்து, எல்லாரையும் போலத் தலை சாய்த்துக்கொண்டாள்.