வெள்ளித்தாள் கூரையும் அக்காவின் சம்பந்தமும்

படிக்காதவனை நம்பலாம், படித்து முடித்தவனையும் நம்பலாம். பாதி படித்துவிட்டு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தவனை மட்டும் நம்பவே கூடாது. அப்படி வந்தவன்தான் நான்.

இரண்டாயிரத்தின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். நானோ அளவில் வெப்பம் எப்படிக் கடக்கிறது என்று ஒரே ஒரு விரிவுரை கேட்டிருந்தேன். திண்மப் பொருளில் அணுக்களின் அதிர்வு சூட்டைச் சுமந்து போகிறது. மயிரிழையை ஆயிரம் கூறு போட்ட அளவுக்குப் படலம் மெலிந்தால், அந்த அதிர்வுகள் ஓரங்களில் முட்டிச் சிதறும், சூடு ஓட முடியாமல் திணறும். 'மெல்லியது சூட்டை மறிக்கும்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மலையகத்தில் எங்கள் ஊரான லிந்துலைக்கு பஸ் ஏறினேன். (எவ்வளவு மெல்லியது என்பதெல்லாம் யாருக்கு வேண்டும்?)

அக்காவைப் பெண் பார்க்கப் பூண்டுலோயாவிலிருந்து வர இருந்தார்கள். முன்பு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போனதால் அம்மாவுக்கு இதுவும் போய்விடுமோ என்று பயம். மார்கழிக் குளிரில் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தின் தகரக் கூரை ஐஸ் பெட்டிதான்.

"வர்றவங்க நடுங்கக் கூடாதும்மா, நான் பாத்துக்குறேன்," என்றேன்.

தேயிலை ஃபெக்டரியில் கழித்துப்போட்ட பைகளின் வெள்ளித்தாளை உரித்து, தகரத்துக்கு அடியில் கூரைச் சட்டங்களோடு சேர்த்து ஆணி அடித்தேன்.

"ஏன்டா, பொக எங்கிட்டு போகும்?" என்றார் அப்பா.

"பொக இல்லப்பா, சூடு. இது நானோ." (அவர் அடுத்த ஆணியை எடுத்துக் கொடுத்தார்.)

விருந்தாளிகள் அமர்ந்தார்கள். அடுப்பில் கேத்தல் கொதித்தது. ஆவி தாளின் இடுக்குகள் வழியாக மேலே போய், தகரத்தில் பட்டு நீரானது. வழக்கமாகத் தகரத்தின் பள்ளங்களில் வழிந்து சுவருக்குப் போகும் நீர், இப்போது தகரத்தில் படிந்திருந்த பல வருட அடுப்புக் கரியோடு என் வெள்ளித்தாளில் தங்கியது. தாள் நிறைமாத வயிறுபோல் தொங்குவதைப் பார்த்தேன். வேறு யாரும் அண்ணாந்து பார்க்கக் கூடாதே என்று விஞ்ஞானம் பேசத் தொடங்கினேன்.

மாப்பிள்ளையின் அப்பா வெற்றிலைத் தட்டுக்குக் கை நீட்டி, "எங்களுக்குச் சம்ம..." என்றார். தாள் கிழிந்தது.

வேட்டி, சட்டை, நரைத்த தலை எல்லாம் ஒரே கறுப்பு. அம்மா அழத் தயாரானார். எனக்குச் செத்துவிடலாம் போலிருந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து அக்கா சிரித்தாள். சும்மா சிரிப்பில்லை, விக்கல் எடுக்கும் சிரிப்பு. மாப்பிள்ளையும் அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்துவிட்டார். பெரியவர் முகத்தை வழித்துவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டும் சேந்து சிரிக்குதுங்க. இனி நாம பேச என்ன இருக்கு? மொதல்ல ஒரு துண்டு குடுங்க."

இன்றும் நான் பூண்டுலோயா வீட்டு வாசலில் கால் வைத்தால் மச்சான் உள்ளேயிருந்து கத்துவார்: "புள்ளைங்களா, மாமா வந்துட்டாரு, கொடைய எடுங்க!" அக்காவின் பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே குடையை விரித்துப் பிடித்துக்கொண்டுதான் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவருகிறார்கள்.