அருவி பார்க்கப் போன சம்பந்திகள் இருவரும் நலம்

மாரியம்மன் துணை

இரண்டாம் டிவிஷன் லயம்,
கம்போங் ராஜா, கேமரன் மலை.
22.11.1983

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை பழனியப்பன் அவர்களுக்கு, மாமனார் தங்கராஜு எழுதிக்கொள்வது. இங்கே நானும், உங்கள் அத்தை செல்லமும், ஐந்து நாளைக்கு முன் ஈப்போவிலிருந்து வந்த உங்கள் அப்பாவும் மூச்சோடும் முழுக் கைகால்களோடும் இருக்கிறோம். அங்கே ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சியான எங்கள் மகள் ஜெயாவும் நீங்களும் அப்படியே இருக்க அம்மனை வேண்டுகிறோம். நலம் சொல்கிற மனுஷன் கைகாலை எண்ணிக் காட்டுகிறானே என்று பதற வேண்டாம். திரிங்காப்பிலிருந்து ஈப்போவுக்கு முட்டைக்கோஸ் ஏற்றி வரும் லோரிக்காரர்கள் உங்களிடம் வேறு மாதிரி சொல்வார்கள். இங்கே ஏற்றிய சிராய்ப்பு தாப்பாவில் எலும்பு முறிவாகும், ஈப்போவில் இறக்கும்போது பிணமாகிவிடும். அதனால்தான் நடந்ததை நானே முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவது நம் வழக்கம். போன மாதக் கடிதத்தில் நீங்கள், 'மழைக்காலம், குளிர், மலை ரோடு. ஈப்போவிலேயே பார்த்துக்கொள்ளலாம் மாமா' என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து உங்கள் அத்தைக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. எனக்கு மூன்று நாள், ஆனால் நான் வெளியே சொல்லவில்லை. அப்புறம்தான் உங்கள் அப்பா, 'நான் போயி எடத்தப் பாத்துட்டு வர்றேன், அப்புறம் முடிவு பண்ணலாம்' என்று கிளம்பி வந்தார். வீட்டைக் காட்டினேன், தானா ராத்தா ஆஸ்பத்திரியைக் காட்டினேன், ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டையும் இரண்டு தடவை காட்டினேன். எல்லாவற்றுக்கும் 'ம்' என்றார். ஒரு 'ம்'மில் சம்மதம் எத்தனை பங்கு, மறுப்பு எத்தனை பங்கு என்று யார் கண்டது? சரி, இந்த மலை எவ்வளவு சாது என்று நேரில் காட்டினால் மனம் இளகும் என்று நினைத்து, மூன்றாம் நாள் காட்டுக்குள் இருக்கும் அருவிக்குக் கூட்டிப் போனேன். கெட்ட யோசனை வரும்போது நல்ல யோசனை மாதிரிதான் வருகிறது.

கூட வந்தவர் என் கூட்டாளி கருப்பையா, லோரி டிரைவர். 'மழ ரெண்டு மணிக்குத்தான் லா வரும், அதுக்குள்ள போயிட்டு வந்துரலாம்' என்றார். வந்திருக்கலாம்தான். ஆனால் லோரியில் ஜன்னலோரம் யார் உட்காருவது என்று உங்கள் அப்பா, 'நீங்க ஏறுங்க சம்பந்தி' என்று சொல்ல, நான், 'அட, நீங்க மொதல்ல' என்று சொல்ல, அதிலேயே அரை மணி நேரம் போயிற்று. காட்டுப் பாதையில் முன்னால் நடப்பது யார் என்று இன்னொரு கால் மணி. போதாக்குறைக்கு அட்டை. அவர் காலில் ஏறியதை நான் குனிந்து பிடுங்க, என் காலில் ஏறியதை அவர் குனிந்து பிடுங்க, அவரவர் அட்டையை அவரவர் பிடுங்கியிருந்தாலே பாதி நேரம் மிச்சமாகியிருக்கும். 'பொண்ணு குடுத்து ஒன்ற வருசமாச்சு, இன்னும் என்னய்யா ஒங்களுக்குள்ள மரியாத' என்று கருப்பையா தலையில் அடித்துக்கொண்டார். ஒரு வழியாகப் போய்ச் சேர்ந்து அருவியைப் பார்த்தோம். அத்தை பிஸ்கட் டின்னில் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைத் தின்றோம். உங்கள் அப்பா அருவியைப் பார்த்து 'ம்ம்' என்றார். ஒரு 'ம்' கூடியிருந்தது. எனக்குப் பாதி மனக்குறை தீர்ந்தது.

மழை ஒரு மணிக்கே வந்துவிட்டது. வரும்போது கணுக்காலுக்கு இருந்த ஓடை, திரும்பும்போது முழங்காலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அப்போதே இறங்கித் தாண்டியிருந்தால் இந்தக் கடிதமே கிடையாது. 'நீங்க மொதல்ல தாண்டுங்க சம்பந்தி' என்றேன். 'உங்க எடம், நீங்கதான் மொதல்ல' என்றார். 'நீங்க விருந்தாளி' என்றேன். 'நீங்க வயசுல மூத்தவரு' என்றார். எனக்கும் அவருக்கும் நான்கு மாதம்தான் வித்தியாசம், அதை வைத்து ஒரு வாதம் நடந்தது. நாங்கள் மரியாதை கொடுத்து முடிப்பதற்குள் தண்ணீர் தொடைக்கு ஏறிவிட்டது. கருப்பையாவுக்குப் பொறுமை இல்லை. நான் போய்க் காட்டுகிறேன் பார் என்று இறங்கினார். நடு ஓடையில் கால் வழுக்கி, எப்படியோ ஒரு பாறையைப் பிடித்து ஏறி உட்கார்ந்துவிட்டார். அந்தப் பக்கமும் போக முடியாது, இந்தப் பக்கமும் வர முடியாது. தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

எதிர்ச் சரிவில் பெண்கள் தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கத்தினால் கேட்காது. காலி பிஸ்கட் டின்னை எடுத்துத் தட்டினேன். மாப்பிள்ளை, உங்களுக்குத் தெரியும், இந்தத் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் காலையில் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆள் கூப்பிடவும், சாயங்காலம் வேலை முடிந்தது என்று சொல்லவும் தண்டவாளத் துண்டைத் தட்டியவன் நான். ஆபத்துக்குத் தட்டிப் பழக்கமே இல்லை. பயத்தில் கை தன் பாட்டுக்கு வேலை முடிந்த தட்டைத் தட்டிவிட்டது. மேலே பார்த்தால் பெண்கள் எல்லாரும் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்புகிறார்கள். நான் இன்னும் வேகமாகத் தட்டினேன், அவர்கள் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

நல்ல காலம், அந்தக் கூட்டத்தில் மணியம்மா இருந்தாள். யாரையும் எளிதில் நம்பாத பிறவி. 'மணி ரெண்டு கூட ஆகல, எவன் அது வேலைய முடிச்சது' என்று திட்டுவதற்கென்றே சத்தம் வந்த பக்கம் இறங்கி வந்தாள். வந்து பார்த்தவள் போட்ட கூச்சலில் போனவர்கள் எல்லாரும் திரும்பி ஓடி வந்தார்கள். ஆறு கூடைகளின் கயிற்றை அவிழ்த்து, ஒன்றோடொன்று முடிந்து, வீசி இழுத்துக் கருப்பையாவைக் கரை சேர்த்தார்கள். 'இந்த வயசுல ஒங்களுக்கு அருவி கேக்குதா லா? இனிமே டின்னத் தொட்டீங்க, கைய ஒடிச்சிப்புடுவேன் அண்ணே' என்றாள். அந்த நேரத்தில் அவள் கையைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு. வயிற்றில் பால் வார்த்துவிட்டாள் புண்ணியவதி.

இவ்வளவு நேரமும் உங்கள் அப்பா கரையில் அசையாமல் மலை போல் நின்றார். அவருக்கு ஒரு கீறல்கூடக் கிடையாது. காலில் போட்டிருந்த சப்பாத்து காயாததால் வெள்ளிக்கிழமை வரை இங்கேயே இருப்பார், வேறு காரணம் இல்லை. ஜெயா விஷயமாக இன்னும் வாய் திறக்கவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. ஒரு அவசரக்காரர் செய்த கோளாறுக்காக மலையைக் குற்றம் சொல்லக் கூடாது மாப்பிள்ளை, அதை மட்டும் நீங்கள் யோசிக்க வேண்டும். பிள்ளைத்தாய்ச்சியிடம் இதில் ஒரு வரியும் சொல்ல வேண்டாம். அவள் பயந்துவிடுவாள்.

பிள்ளையும் தாயும் சுகமாக, நீங்கள் இரண்டு பேரும் நூறு வயசு ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் வாழ மாரியம்மன் காப்பாற்றட்டும். அத்தையின் ஆசீர்வாதம் தனியாக.

இப்படிக்கு,
மு. தங்கராஜு

பின்குறிப்பு: பழனி, இதை எழுதுவது உன் அப்பா. கடிதத்தைக் கவரில் போட்டு ஒட்டச் சொல்லி என்னிடம் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் படித்துவிட்டேன். கருப்பையா அன்றைக்குக் காட்டுக்குள்ளேயே வரவில்லை. அட்டைக்குப் பயந்து லோரியிலேயே படுத்துத் தூங்கினார். பாறையில் மாட்டிக்கொண்டது உன் மாமாதான். டின்னையும் அங்கே உட்கார்ந்துதான் தட்டினார். நான் மலை போல் நிற்கவில்லை, கரையில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் அவர் இடுப்புக்கு வந்தபோது டின்னைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினார். 'ஜெயாவ அனுப்பி வச்சிருங்க சம்பந்தி, அவ அம்மா காத்துக்கிட்டு இருப்பா' என்றுதான் கத்தினார், மூன்று தடவை. காப்பாற்றுங்கள் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. நானும் 'சரி, அனுப்புறேன்' என்று தொண்டை கிழியக் கத்தினேன். வெள்ளத்தின் இரைச்சலில் அது அவருக்குக் கேட்கவே இல்லை என்பது இந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிகிறது. மூன்று நாளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் மனுஷன். இப்போதுதான் அடுப்படிக்குப் போய் அதே 'சரி'யை மறுபடி சொல்லிவிட்டு வந்தேன். உன் அத்தை அழுதாள். அவர் முழங்காலில் நாலு தையலோடு எழுந்து, ஜெயாவின் அறைக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமை அழைத்து வா.