நோரா அன்ரியின் முழங்கால்

“...அவிழ்க்கிறவருக்கே அந்த நோய் போய் ஒட்டிக்கொள்ளும்,” என்று நோரா அன்ரி சொல்லி முடித்தபோது, எலுமிச்சை மரத்தில் மிஞ்சியிருந்த கடைசித் துணியின் முடிச்சு என் விரல்களுக்கிடையே பாதி அவிழ்ந்திருந்தது.

அவர் நாங்கள் குடிபெயர்ந்து வந்த கிரவீனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர், அயர்லாந்துக்காரி. மகள் வீட்டில் ஒரு கிழமை நிற்கப்போவதாகவும் பூக்கன்றுகளுக்குத் தண்ணீர் விடும்படியும் சொல்லி வீட்டுத் திறப்பைத் தந்துவிட்டுப் போனார். நான் தண்ணீரோடு நிறுத்தியிருக்கலாம். உதவி செய்யத் தொடங்கினால் எனக்குப் பிரேக் பிடிக்காது. மரத்தடியில் ஒரு கல் தொட்டி, அதில் பாசி பிடித்த தண்ணீர் (நுளம்பு வந்து கடிக்கும்தானே?). கவிழ்த்து ஊற்றிவிட்டு, பிளீச் போட்டுத் தேய்த்தேன். கிளைகளில் ஏழு கந்தல் துணிகள். ஆறை முதல் நாளே அவிழ்த்துக் குப்பையில் போட்டேன். காலையில் குப்பை லொறியும் வந்து போய்விட்டது. ஏழாவதோடு மல்லுக்கட்டும்போதுதான் அன்ரி ஊன்றுகோலோடு வந்து நின்றார்.

அவருடைய ஊரில் ஒரு புனிதக் கிணறு இருக்கிறதாம். நோயாளி அதை மூன்று தரம் சுற்றி, உடுத்த துணியில் ஒரு துண்டு கிழித்து, கிணற்றுத் தண்ணீரில் நனைத்து, நோகிற இடத்தைத் துடைத்து, பக்கத்து மரத்தில் கட்டவேண்டும். துணி உக்கி உதிர உதிர நோயும் போய்விடும். அவ்வளவு தூரம் போகமுடியாத அன்ரிக்காக அவருடைய அண்ணன் போத்தலில் கொண்டுவந்த தண்ணீரைத்தான் நான் சாக்கடைக்கு அனுப்பியிருந்தேன்.

“மற்றத் துணியள்?” என்றேன்.

“நீலம் என்ர தங்கச்சியின்ர தலையிடி. கோடு போட்டது முன்வீட்டுக்காரரின்ர காதுக்குத்து. வெள்ளை...” கொஞ்சம் யோசித்தார். “வெள்ளை, தபால்காரரின்ர மூலவியாதி.” (ஆங்கிலத்தில்தான் சொன்னார். பயத்தில் எனக்கு யாழ்ப்பாணத் தமிழில் கேட்டது.)

“இது?”

“இது என்ர முழங்கால். வாற மாதம் பேத்தியின்ர கலியாணம். ஒரு பாட்டுக்காவது எழும்பி ஆடவேணும் எண்டு கட்டினனான்.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து என் மனைவியின் குரல் வந்தது.

“இஞ்சாருங்கோ, விசா கிடைக்கவேணும் எண்டு கோயில் மரத்தில மஞ்சள் துணி கட்டினது ஆர்? அதை ஒருத்தர் வந்து துப்புரவாக்கியிருந்தா இண்டைக்கு எங்க நிண்டிருப்பியள்?”

இன்றைக்கும் நான் முனகிக்கொண்டு கதிரையை விட்டு எழும்பினால் வீட்டில் ஒரே கேள்விதான்: “இது அன்ரியின்ரதோ, தபால்காரரின்ரதோ?”

அன்று நான் அவசர அவசரமாக அந்த முடிச்சைத் திரும்ப இறுக்கப் போனேன்.

“பொறு தம்பி.” அன்ரி என் கால்களை மேலும் கீழும் பார்த்தார். “உன்ர முழங்கால் எப்பிடி?”

“நல்லா இருக்கு அன்ரி. ஒரு பிரச்சினையும் இல்லை,” என்றேன் பெருமையாக.

அன்ரி ஊன்றுகோலை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, எனக்கு அவிழ்க்க வசதியாக எட்டட்டும் என்று அந்தக் கிளையை இரண்டு கையாலும் வளைத்துப் பிடித்தார்.