வெந்நீர்ச் சோடா குறித்து என் எழுத்துமூல விளக்கம்

மதிப்பிற்குரிய பெரிய அத்தான் அவர்களின் சமூகத்திற்கு,

தங்கள் முதல் தம்பியின் மனைவியும், தங்கள் பெயரில் உள்ள சோடாத் தொழிற்கூடத்தைப் பதினெட்டு ஆண்டுகளாகக் கவனித்துவருபவளுமாகிய நான் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் அங்கே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நலத்திற்கு மாறாக நடந்தவற்றைக் கீழே விரிவாகத் தெரிவித்திருக்கிறேன்.

தங்கள் கடிதம் கிடைத்துப் பதினொரு நாள்கள் கழித்துப் பதில் எழுதுவதற்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். தாமதத்திற்குக் காரணம் சோம்பல் அன்று. நடந்ததை எழுத்துமூலமாக விளக்கும்படி கேட்டிருந்தீர்கள். சோதித்துப் பார்க்காத எதையும் எழுத்தில் வைக்கும் வழக்கம் எனக்கு இல்லை. ஆகவே குளிர்நீர், சாதாரண நீர், வெந்நீர் ஆகிய மூன்றிலும் தனித்தனியே சோடா அடைத்து, ஒவ்வொன்றையும் மும்முறை திறந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன். வீட்டில் இருந்தது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி. அது நாற்பத்திரண்டுக்கு மேல் எண்ண மறுத்துவிட்டதால், வேறொன்று வாங்கிவர என் கணவரை அனுப்பினேன். அவர் நான்கு நாள்கள் கழித்து வாங்கிவந்தார். கடை இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

தங்கள் கடிதத்தின் முடிவில் மூன்று வாக்கியங்கள் இருந்தன. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி முதல் சின்னவன் தொழிற்கூடத்தின் பொறுப்பை ஏற்பான். அவன் வேதியியல் படித்தவன். நீ உழைத்தது போதும், ஓய்வெடு. மூன்றாவது வாக்கியத்திற்கு நன்றி. ஓய்வு கேட்டு நான் எப்போது விண்ணப்பித்தேன் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை. அந்தச் சின்னவன், அதாவது என் கொழுந்தனார், தங்களுக்கு அனுப்பிவைத்த நாற்பது நொடிக் காணொளியைப் பார்த்தே இந்த முடிவுக்கு வந்ததாக எழுதியிருந்தீர்கள். அந்தக் காணொளியில் சோடா பொங்குவது தெரிகிறது, ஒரு தலைமையாசிரியை நனைவது தெரிகிறது, பின்வரிசையில் திறப்பானும் கையுமாக நான் நிற்பதும் தெரிகிறது. காரணம் மட்டும் தெரியவில்லை. அது அதற்கு முந்தைய மூன்று நாள்களில் இருக்கிறது; அவற்றை யாரும் படம் பிடிக்கவில்லை.

நடந்தது இது. வர்ணம் விற்கும் நிறுவனத்தில் தமக்கிருந்த வேலையை, "அவங்களுக்கு என் தரம் புரியல அண்ணி" என்று சொல்லி விட்டுவிட்டு வந்த கொழுந்தனார், சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை காலையில் தொழிற்கூடத்தைச் சீர்திருத்தப் புறப்பட்டார். தமது பட்டத்தைச் சட்டத்தோடு வீட்டுச் சுவரிலிருந்து கழற்றிவந்து, இயந்திர அறையில், கேஸ் சிலிண்டருக்கு நேர் மேலே, கையெடுத்துக் கும்பிடத் தக்க உயரத்தில் மாட்டினார். பிறகு நீர்த்தொட்டியைச் சுற்றி நாங்கள் அடுக்கியிருந்த ஐஸ்கட்டிகளைப் பார்த்து, எதற்காக இது என்று கேட்டார். தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் வாயு அதில் கரைந்து தங்கும், மாமனார் காலத்திலிருந்து இப்படித்தான் என்றேன். அவர் சிரித்த சிரிப்பை எழுத்தில் கொண்டுவர எனக்குத் திறமை போதாது.

"அண்ணி, நான் ஒண்ணு கேக்கறேன், ஆமா இல்லன்னு மட்டும் சொல்லுங்க. சர்க்கரை பச்சைத் தண்ணில நல்லாக் கரையுமா, சுடுதண்ணில நல்லாக் கரையுமா?"

"சுடுதண்ணியிலதான்."

"அவ்வளவுதான். அப்ப கேஸும் அப்படித்தான். குளிர்ல எல்லாம் சுருண்டு படுத்துக்கும். சூடு குடுத்தா சுறுசுறுப்பா ஓடிவந்து கரையும். நம்ம அப்பா படிக்கல, ஐஸ் வெச்சாரு. நீங்களும் வெச்சீங்க. உங்கள நான் குத்தம் சொல்லல."

பாட்டில் கழுவும் பிரிவில் இருக்கும் அக்கா, கையில் பிரஷ்ஷோடு நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர், "சூடா இருக்கிற சோடாவ யாரு தம்பி வாங்குவாங்க? காய்ச்சல்காரங்களா?" என்றார். கொழுந்தனார் சாக்பீஸை எடுத்து, அறைக்கதவின் பின்புறத்தில் கொட்டை எழுத்தில் எழுதினார்: "வெப்பம் மிகுந்தோறும் எப்பொருளும் நீரில் தயக்கமின்றிக் கரையும்." எழுதிவிட்டு, "இது விதி. நான் கல்லூரியில படிச்சது. ஒரு எழுத்து மறக்கல" என்றார்.

பெரிய அத்தான், இந்த வாக்கியத்தைச் சற்று நிதானமாகப் பாருங்கள். எப்பொருளும் என்கிறது, உப்பா, எண்ணெயா, வாயுவா என்று கேட்கவில்லை. தயக்கமின்றி என்கிறது. எந்த வேதியியல் நூலாவது தயக்கத்தைப் பற்றிப் பேசுமா? அறிவும் இல்லாமல் அடக்கமும் இல்லாமல், சொல்லழகு ஒன்றை மட்டும் நம்பி யாரோ எழுதிவைத்த வாக்கியம் இது. எந்த மூடர் எழுதியதோ, அறியேன். அதை அவர் கல்லூரியில்தான் கற்றார் என்றால், அந்தக் கல்லூரிக்கு என் அனுதாபங்கள்.

உண்மை இன்னதென்று தங்களுக்கு எடுத்துரைப்பது என் கடமை. எட்டாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவள்தான் நான்; ஆயினும் என் கொழுந்தனார் படித்துவிட்டு மூலையில் போட்ட பாடநூல்கள் அனைத்தையும், பாட்டில்கள் நிரம்புகிற இடைவெளிகளில், அகராதி துணையோடு முழுவதுமாக வாசித்து முடித்தவள். நீரின் துகள்கள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொள்ளும் குணம் உடையவை. சர்க்கரைக்கும் அதே குணம் என்பதால் நீர் அதைத் தன் வீட்டு ஆளாகவே சேர்த்துக்கொள்கிறது. சூடாக்கினால் இன்னும் அதிகமாகவே சேர்த்துக்கொள்கிறது. வாயு அப்படியல்ல. அது வெளியிலிருந்து வந்தது. அழுத்தம் கொடுத்தால் உள்ளே வரும். சூழ்நிலை குளிர்ச்சியாக இருந்தால் சத்தமில்லாமல் இருக்கும். சூடு ஏறினால், இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ள அங்கே யாருக்கும் பெரிய அக்கறை இல்லாத காரணத்தால், கிளம்பிவிடும். இதைப் புரிந்துகொள்ள எனக்குப் புத்தகம்கூடத் தேவைப்படவில்லை. இருபத்து நான்கு ஆண்டுகளாக இந்த வீட்டில் மருமகளாக இருக்கிறேன்.

நல்லியல்பு வாயு என்று ஒன்றைப் பற்றியும் அதே நூலில் படித்தேன். அதன் துகள்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதில்லை, விலக்குவதில்லை. எவ்வளவு நெருக்கினாலும் நிலை மாறுவதில்லை. தமக்கென்று துளி இடமும் எடுத்துக்கொள்வதில்லை. இப்படி ஒரு வாயு உலகில் கிடையாது, கணக்குப் போடுகிற வசதிக்காகக் கற்பித்துக்கொண்டது என்று அடுத்த வரியிலேயே சொல்லியிருக்கிறார்கள். நூலாசிரியருக்கு என் கணவரைத் தெரியாது. கொழுந்தனார் ஐஸ்கட்டிகளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டபோது, "நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்று அவரைக் கேட்டேன். "பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டியின் டயரை அழுத்திப் பார்க்கப் போய்விட்டார். எந்தத் தகராறு வந்தாலும் அவருக்கு டயரில் காற்றுக் குறைந்துவிடுகிறது. தமக்கென்று இடம் எடுத்துக்கொள்ளாத இன்னொரு துகள் யார் என்று நான் எழுதவேண்டியதில்லை. தங்கள் கடிதத்தின் அந்த மூன்றாவது வாக்கியத்தில் தாங்களே எழுதிவிட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை வெந்நீரில் சோடா அடைத்தார்கள். திறந்தால் பெருமூச்சுகூட வரவில்லை. மேலண்டைத் தெரு மருந்துக்கடைக்காரர், "உங்க சோடா எங்கிட்டயே மருந்து வாங்கற நிலைமைல இருக்கே" என்று இரண்டு கிரேட்டைத் திருப்பி அனுப்பினார். இப்போதாவது விதியைத் திருத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அழுத்தத்தைத் திருத்தினார். புதன்கிழமை காலையில் பிரஷர் மீட்டரின் முள்ளை, நான் பதினெட்டு ஆண்டுகளில் ஒருமுறையும் பார்த்திராத சிவப்புப் பகுதிக்குக் கொண்டுபோனார். வேண்டாம் தம்பி, வெந்நீர் ஏற்காத வாயு பாட்டிலின் கழுத்தில்தான் நெருக்கிக்கொண்டு நிற்கும், கண்ணாடி எவ்வளவு தாங்கும் என்றேன். "பயப்படாதீங்க அண்ணி, கணக்குப் போட்டுட்டேன்" என்றார். பதினொரு மணிக்குள் பதினான்கு பாட்டில்கள் வெடித்தன. கழுவும் அக்காவின் முன்கையில் நான்கு தையல். மருத்துவமனையில் கட்டுப் போடுகிறவர் எப்படி ஆச்சு என்று கேட்க, "விதிங்க" என்றார் அக்கா. அவர் கதவின் பின்னால் எழுதியிருந்ததைச் சொன்னார். கட்டுப் போட்டவர் வேறு விதமாக எடுத்துக்கொண்டு ஆறுதல் கூறினார். தங்களுக்கு வந்த காணொளியில் இந்தப் பகுதி இல்லை.

வெடிக்காமல் தப்பிய இருநூறு பாட்டில்கள் வியாழக்கிழமை பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்குப் போயின. கொழுந்தனார் அங்கே சிறப்பு விருந்தினர். "வாயுக்களின் நடத்தை" என்பது அவருடைய உரை. காலை எட்டு மணிக்கு இறக்கிய கிரேட்டுகளை நிழலுக்கு நகர்த்தச் சொன்னேன். வெயிலில் இருந்தால் இன்னும் நன்றாகக் கரையும் என்று அங்கேயே விடச்சொல்லிவிட்டார். பதினொன்றரைக்கு மேடையேறி, இருபது நிமிடம் பேசி, ஒரு பாட்டிலை எடுத்து நான்கு குலுக்குக் குலுக்கி, "வெப்பத்தில் கரைந்த வாயு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது, பாருங்கள்" என்று மூடியைத் திறந்தார். அடங்கியிருந்தது அவ்வளவுதான். முதலில் அவர் முகம், பிறகு ஒலிவாங்கி, பிறகு தலைமையாசிரியையின் புடவையும் அவர் மடியில் இருந்த கோப்பும். பாட்டிலில் எஞ்சியது மூன்றிலொரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். பிள்ளைகள் அட்டையில் செய்துவைத்திருந்த எரிமலை ஒன்று பக்கத்திலேயே இருந்தது. அது கடைசிவரை பொங்கவில்லை.

தலைமையாசிரியை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "சார், இது சோதனையா, இல்ல விபத்தா?" என்று கேட்டார்.

"சோதனைதான் மேடம்."

முன்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, "சூட்டுல கேஸ் அதிகமாக் கரையும்னா, அது ஏன் சார் வெளிய ஓடுது?" என்றாள். அந்தப் பெண் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கவேண்டும். கொழுந்தனார் மேடையிலிருந்து கையை நீட்டி, பின்வரிசையில் நின்ற என்னைக் காட்டினார்.

"மிஷின்ல எங்க அண்ணி கேஸ் கொஞ்சம் அதிகமா விட்டுட்டாங்க. பாவம், படிக்காதவங்க. தெரியாம செஞ்சுட்டாங்க."

முந்நூறு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் திறப்பானைப் பையில் போட்டுக்கொண்டேன். அத்தான், வெடித்த பாட்டில்களை எண்ணிவிடலாம், நனைந்த புடவையைக் காயவைத்துவிடலாம். தெரியாம செஞ்சுட்டாங்க என்ற சொல்லை எந்தத் தண்ணீரில் கரைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. சூடாகவும் குளிராகவும் முயன்று பார்த்துவிட்டேன்.

இப்போது நான் சொல்லப்போவதை இத்தனை ஆண்டுகள் சொல்லாமல் இருந்தேன். கொழுந்தனார் வேதியியல் தாளில் இருமுறை தோற்றது தங்களுக்கு நினைவிருக்கும். மூன்றாம் முறை தேறியது எப்படி என்று யாரும் விசாரிக்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்து இரண்டாம் ஆண்டு அது. "அண்ணி, இது எனக்கு ஏறவே மாட்டேங்குது, எனக்குப் புரியற மாதிரி எழுதிக் குடுங்க, யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்று கண்கலங்க வந்து நின்றார். அவருடைய பாடநூலைப் படித்து, நாற்பது பக்க நோட்டு ஒன்றில் அழகாகச் சுருக்கி எழுதிக் கொடுத்தேன். அதை வரிக்கு வரி மனப்பாடம் செய்துதான் தேறினார். நான் எழுதிக் கொடுத்ததை ஒழுங்காக நினைவில் வைத்திருந்தால் இந்த இழிநிலை நேர்ந்திருக்காது. அந்த நோட்டு பரண்மேல் பெட்டியில் இருக்கிறது. கரைதிறன் பற்றிய பக்கத்தில் அடையாளம் வைத்து, இக்கடிதத்துடன் இணைக்கிறேன். தாங்கள் அதைக் கண்ணால் கண்டு, படித்தவர் யார், படிக்காதவர் யார் என்று தீர்ப்பு வழங்கி, தொழிற்கூடத்தை என் பொறுப்பிலேயே விட்டுவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அக்காவுக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு ஆசிகள். கழுவும் அக்கா தம் வணக்கத்தையும் சேர்த்து எழுதச் சொன்னார். ஒரு கையால் மட்டும், மற்றதில் இன்னும் கட்டு இருக்கிறது. என் கணவரும் விசாரித்ததாக எழுதிக்கொள்கிறேன். அவர் டயரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இங்ஙனம்,
தங்கள் முதல் தம்பியின் மனைவி,
தொழிற்கூடப் பொறுப்பாளர் (இம்மாத இறுதிவரை)

பின்குறிப்பு: நோட்டை எடுத்தேன். இருபத்தேழாம் பக்கம். என் கையெழுத்து, நீல மை: "வெப்பம் மிகுந்தோறும் எப்பொருளும் நீரில் தயக்கமின்றிக் கரையும்." கீழே சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்து, "மிக முக்கியம்" என்றும் நானே எழுதியிருக்கிறேன். உதாரணம் சர்க்கரை. அப்போது எனக்குத் தொழிற்கூடத்தில் பாகு காய்ச்சும் வேலை மட்டும்தான். இயந்திர அறைக்குள் மாமனார் என்னை விட்டதில்லை. பாகுப் பானையில் கண்டதை உலகத்துக்கெல்லாம் விதியாக்கிவிட்டேன். வாயுவைப் பற்றிப் பாடநூல் அடுத்த பக்கத்தில் சொல்லியிருந்ததை, இதுவும் அதேதான் என்று எண்ணிச் சுருக்கத்தில் விட்டுவிட்டேன். அந்த ஆண்டு அந்தக் கேள்வி கேட்கப்படவில்லை, அவர் தேறிவிட்டார். ஆகவே மேலே நான் மூடர் என்று எழுதியுள்ள இடத்தில் என்னைப் படித்துக்கொள்ளவும். கழுவும் அக்காவின் நான்கு தையல்களில் இரண்டேனும் என்னுடையவை. இதை அவரிடமும் சொல்லிவிட்டேன். "இத நீங்க கதவுக்குப் பின்னால எழுதலியே" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கிழிக்கவில்லை, இணைத்திருக்கிறேன். அவர் பொய் சொல்லவில்லை. ஒரு எழுத்துகூட மறக்கவில்லை. ஆனால் அத்தான், சிலிண்டருக்கு மேலே மாட்டியிருக்கிற அந்தப் பட்டத்தில் உள்ள பிழை என்னுடையது என்றால், மீதியும் என்னுடையதுதான். அதைப் பார்த்துத்தான் பொறுப்பை மாற்றுகிறீர்கள். ஒன்றாம் தேதிக்கு இன்னும் ஒன்பது நாள்கள் இருக்கின்றன. ஐஸ் நாளை காலை வந்துவிடும்.

விரைவாகப் பதில் எழுதவும்.