ரிஃப்ரெஷ் மாமா லினக்ஸுக்குக் குடிபோன கதை

உலகத்தில் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் அத்தனை பேரிலும், மவுஸின் இடது பட்டன் புதுசாக இருக்கும்போதே வலது பட்டன் தேய்ந்துபோன ஒரே மனிதர் எங்கள் தெரு ரிஃப்ரெஷ் மாமாதான். சும்மா சொல்லவில்லை. அந்த மவுஸை நானே கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். இடது பக்கம் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி வழுவழுவென்று இருந்தது. வலது பக்கம் பழைய அம்மிக்கல் மாதிரி நடுவில் குழிவிழுந்திருந்தது.

குன்றாண்டார்கோவிலில் உரக்கடை வைத்திருப்பவர். அவருடைய சொந்தப் பெயர் கடை போர்டில் இருக்கிறது, அதோடு சரி. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் யாருக்கும் தெரியாது.

விஷயம் இதுதான். விண்டோஸ் கம்ப்யூட்டரில் வெறும் திரைமேல் மவுஸை வைத்து வலது பட்டனை அமுக்கினால் ஒரு பட்டியல் விழும். அதில் 'ரிஃப்ரெஷ்' என்று ஒன்று இருக்கும். அதை அமுக்கினால் திரையில் உள்ள குட்டிக் குட்டிப் படங்களெல்லாம் ஒரு தடவை கண் சிமிட்டும். மாமா அதைச் செய்யாமல் கம்ப்யூட்டரில் ஒரு துரும்பைக்கூட நகர்த்த மாட்டார். போட்டோ பார்க்கணுமா, ரிஃப்ரெஷ். பாட்டுக் கேட்கணுமா, ரிஃப்ரெஷ். கம்ப்யூட்டரை அணைக்கணுமா, அணைப்பதற்கு முன்னால் மனசாற ஒரு ரிஃப்ரெஷ்.

அது கம்ப்யூட்டரோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியமே இல்லை. கீரனூர் பஸ்ஸில் சீட் கிடைத்து உட்கார்ந்தால், ஒரு தடவை எழுந்து மறுபடி உட்காருவார். அந்த இடைவெளியில் வேறொருவர் உட்கார்ந்துவிட, கீரனூர் வரைக்கும் நின்றுகொண்டே போன நாட்கள் உண்டு. டாக்டர் பிரஷர் பார்த்தால், "இன்னொரு தடவை பாத்துருங்க டாக்டர், மொத தடவை சரியா விழுந்திருக்காது" என்பார். ரெண்டாவது தடவை டாக்டருக்குத்தான் பிரஷர் ஏறியிருக்கும். பந்தியில் போட்ட இலையை எடுத்து மறுபடி போட்டால்தான் சாப்பாடு இறங்கும். ஒரு கல்யாணத்தில் அது ரசம் ஊற்றிய பிறகுதான் ஞாபகம் வந்தது. பக்கத்து இலைக்காரர் வேட்டி மாற்ற வீட்டுக்குப் போனவர், மொய் எழுதக்கூடத் திரும்பி வரவில்லை.

அப்படிப்பட்டவருடைய கம்ப்யூட்டரை விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. அப்போது நான் பொறியியல் முடித்துவிட்டு வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். என் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை. புதுசாக பைக் ஓட்டக் கற்றவன், "கடைக்குப் போகணுமா, கடைக்குப் போகணுமா" என்று வீட்டைச் சுற்றி வருவானே, அந்த நிலையில் இருந்தேன்.

மாமாவுக்கும் அவசரம் இருந்தது. கம்ப்யூட்டர் அவர் மகள் கவிதா அக்கா பள்ளிக்கூடம் படிக்கும்போது வாங்கியது. அக்கா கல்யாணமாகி மஸ்கட் போன பிறகு, மாமா அதில் ஜாதகம் பார்க்க ஒன்று, பஞ்சாங்கத்துக்கு ஒன்று, வைரஸ் பிடிக்க ஒன்றையொன்று நம்பாத மூன்று என்று ஏற்றி வைத்திருந்தார். காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளித்து, சாப்பிட்டு, கடையைத் திறந்துவிட்டு வந்தால் வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். போதாததற்கு, இந்த விண்டோஸுக்கு இனி பாதுகாப்பு அப்டேட் வராது, புதுசு போட இந்த மிஷினுக்கு வயசு கடந்துவிட்டது என்று தினமும் ஓர் அறிவிப்பு.

இதற்கு நடுவில் வாஷிங் மிஷின் வந்தது. அதாவது, வரப்போகிறது என்று தெரிந்தது. மாமாவின் மனைவி, எங்களுக்கு அத்தை, தீர்ப்பைத் தெருவுக்கே கேட்கும்படி வாசித்தார்.

"குழாயும் பிளக்கும் ஒண்ணா இருக்கிற எடம் இந்த மூலை ஒண்ணுதான். சனிக்கிழமை மிஷின் வருது. வெள்ளிக்கிழமை பொண்ணு பேசுறப்ப இந்தப் பொட்டி ஒழுங்காத் தொறந்தா, இருந்துட்டுப் போகட்டும். இல்லாட்டி பழைய இரும்புக்காரர் வாரப்ப தூக்கிக் குடுத்துருவேன், சொல்லிப்புட்டேன்."

"போன்லயே பேசலாமே மாமா" என்றேன் நான், சமாதானமாக.

மாமா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "போன்ல பேத்தி மூஞ்சி நெல்லிக்கா அளவு தெரியுது. இதுல பூசணிக்கா அளவு தெரியுது. என்னைய நெல்லிக்காயக் கொஞ்சச் சொல்றியாத்தா?"

அப்போதுதான் லினக்ஸைப் பற்றிச் சொன்னேன். பழைய மிஷினிலும் வேகமாக ஓடும், காசு கிடையாது என்றேன்.

"காசு கிடையாதா? அப்ப ஏதோ கோளாறு இருக்கு. யாரு ஓனரு?"

"ஓனருன்னு யாரும் இல்ல மாமா. உலகம் பூரா இருக்கிறவங்க ஆளுக்குக் கொஞ்சமாச் சேந்து செய்யிறது."

"நம்ம கோயில் திருவிழா மாதிரி?"

"ஆமா மாமா, கரெக்ட்."

"அப்பச் சண்டை வருமே."

"வரும் மாமா. சண்டை போட்டுப் பிரிஞ்சு பிரிஞ்சு இப்ப நூத்துக்கணக்குல லினக்ஸ் இருக்கு."

மாமா முகம் தெளிந்தது. "பங்காளிக" என்றார். "அப்ப நல்லதாத்தான் இருக்கும். போடு."

திங்கட்கிழமை சொன்னார். செவ்வாய்க்கிழமை ஆகாது என்று ஒதுக்கினார். புதன்கிழமை எமகண்டம் முடியட்டும், அப்புறம் ராகுகாலத்துக்குள் தொடங்க வேண்டாம் என்று என்னை வாசலிலேயே உட்கார வைத்தார். வீடு மாறுவதுபோலத்தானே இதுவும் என்று பால் காய்ச்சச் சொன்னார். "காப்பிக்கே பால் பத்தலை" என்று உள்ளேயிருந்து அத்தை பதில் சொன்னார். சரி, பழைய போட்டோக்களையெல்லாம் தனி டிஸ்க்கில் எடுத்து வைக்கும்போதாவது முதலில் குலதெய்வத்தின் படம் போகட்டும் என்றார். அதை மூன்று வேறு ஃபோல்டரில் தேடிக் கண்டுபிடித்து முதலில் அனுப்பினேன். பென்டிரைவிலிருந்து லினக்ஸை ஓடவிட்டுத்தான் இதையெல்லாம் செய்தேன், மவுஸை மட்டும் அவர் கையில் கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் நாங்கள் எல்லோரும் வியாழக்கிழமையைத் தவிர்த்திருக்கலாம்.

எல்லாம் எடுத்து முடித்து, டிஸ்க்கில் உள்ளது அனைத்தும் அழிக்கப்படும், சம்மதமா என்று திரை கேட்ட இடத்தில் மாமா என் கையைத் தட்டிவிட்டார்.

"இருத்தா, இருத்தா. அழிக்கிறதுன்னா என்ன அர்த்தம்?"

"எல்லாத்தையும் காப்பி எடுத்தாச்சு மாமா."

"காப்பி எடுத்தது சரி. அழிக்கிறதுன்னா என்னன்னு கேக்குறேன்."

அரை மணி நேரம் போனது. காப்பி எடுத்ததைத் திறந்து காட்டினேன். மறுபடி காட்டினேன். ஒரு தடவை மூடித் திறந்து காட்டச் சொன்னார். அதையும் செய்தேன். கடைசியில் அத்தை பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு வந்து, "எதைத்தா அமுக்கணும்?" என்று கேட்டு, நான் காட்டிய பட்டனைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். விண்டோஸ் அந்த வீட்டைவிட்டுப் போனது அப்படித்தான்.

லினக்ஸ் ஏறியது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். மாமா வழக்கம்போல் குளிக்கத் துண்டைத் தோளில் போட்டார். வாசல் தாண்டுவதற்குள் திரை வந்துவிட்டது. துண்டோடு திரும்பி வந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். என் வாழ்க்கையின் முதல் வெற்றி என்று நினைத்தேன். நாற்காலியை முன்னால் இழுத்து, மவுஸைப் பிடித்து, வலது பட்டனை அமுக்கினார்.

பட்டியல் விழுந்தது. புது ஃபோல்டர் இருந்தது. பின்னணிப் படம் மாற்றுவது இருந்தது. திரை அமைப்பு இருந்தது. மாமா மேலிருந்து கீழே படித்தார். கீழிருந்து மேலே படித்தார்.

"எங்கத்தா ரிஃப்ரெஷ்?"

"இதுல அது கிடையாது மாமா. தேவையில்ல. எது மாறினாலும் அதுவே தன்னால காட்டிரும்."

"அதுவாக் காட்டுறது சரி. நான் எப்படிக் காட்டச் சொல்றது?"

விளக்கினேன். ரிஃப்ரெஷ் செய்தால் கம்ப்யூட்டர் வேகமாகாது, மெமரி காலியாகாது, உள்ளே எதுவும் சுத்தமாகாது, அது திரையை மறுபடி வரைகிறது, அவ்வளவுதான் என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். மாமா மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அப்ப ரிஃப்ரெஷ் எங்கிட்டு இருக்கு?" என்றார்.

மறுநாள் காலையில் அவர் கம்ப்யூட்டர் முன்னால் கையை மவுஸ்மேல் வைத்துக்கொண்டு ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார். படலை திறக்காமல் எப்படி உள்ளே போவது என்கிறாராம். கடைக்குப் போனவர் யூரியா வாங்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார். மத்தியானத்துக்குள் தெருவே என்னை விசாரிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஏத்தா, படிச்ச புள்ள நீ, ரிஃப்ரெஷ் இல்லாததப் போயி போட்டு விட்டுருக்கியே" என்றார் டீக்கடைக்காரர். அவருக்குக் கம்ப்யூட்டரே கிடையாது.

மாமா நேராகவே சொல்லிவிட்டார். "பழசையே போட்டுருத்தா. மெதுவா ஓடுனாலும் பரவால்ல. நாளைக்கு வெள்ளிக்கிழம." அவர் பின்னால் அத்தை அந்த மூலையை ஜாண் கணக்கில் அளந்துகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து இணையத்தில் ஒரு மன்றத்தில் கேட்டேன். லினக்ஸில் ரிஃப்ரெஷ் ஏன் தேவையில்லை என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து எனக்கு விளக்கம் வந்தது. நான் மாமாவுக்குப் போட்ட அதே படத்தை ஒருவர் எனக்குப் போட்டு அனுப்பியிருந்தார். மாமாவின் கஷ்டம் அப்போதுதான் கொஞ்சம் புரிந்தது.

அந்தப் பட்டியலில் நாமே ஒரு பெயரைச் சேர்க்கலாம் என்று கண்டுபிடித்தேன். 'ரிஃப்ரெஷ்' என்று சேர்த்தேன். அமுக்கினால் எதுவும் செய்யாது. ஓடிப்போய் மாமா கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். மாமா அமுக்கினார். என்னைப் பார்த்தார்.

"கண்ணு சிமிட்டலையே."

மறுபடி வீட்டுக்கு வந்தேன். சோறு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. அம்மா திட்டினாள். சாயங்காலம் ஒருவழியாக, திரையில் இருக்கும் படங்களை ஒரு நொடி மறைத்து மறுபடி காட்ட வைத்தேன். நான்கு வருஷம் பொறியியல் படித்து, ஒரு மனிதருக்காக நான் எழுதிய முதல் மென்பொருள் அதுதான். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் கிடையாது.

மாமா அமுக்கினார். படங்கள் போய் வந்தன. நாற்காலியில் சாய்ந்தார். "இந்தா வந்துருச்சுல்ல. உள்ளதான் இருந்திருக்கு. ஒனக்கு எடம் தெரியல."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து அழைப்பு வந்தது. திரை நிறையப் பேத்தி. பூசணிக்காயேதான். மாமா ஒரு விரலால் திரையைத் தொட்டுத் தொட்டுக் கொஞ்சினார். பேத்தி கையைத் தூக்கி, "தாத்..." என்றது. அப்படியே நின்றுவிட்டது. தூக்கிய கை தூக்கியபடி, திறந்த வாய் திறந்தபடி.

அத்தை மெதுவாக அந்த மூலையைப் பார்த்தார். எங்கள் தெரு இணையம் அப்படித்தான், நின்று நின்று வரும். இருந்தாலும் பழி லினக்ஸ்மேல்தான் விழும். மோடம் விளக்குகளைப் பார்க்க ஓடினேன். விளக்கு ஒன்று அணைந்து அப்போதுதான் மறுபடி எரிந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் மாமா அழைப்பைக் கீழே இறக்கி, வெறும் திரையில் வலது பட்டனை அமுக்கி, ரிஃப்ரெஷ் பண்ணி, அழைப்பை மேலே கொண்டுவந்தார்.

"...தா" என்றது பேத்தி.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து ஏதாவது சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அத்தை பேத்திக்குக் காட்ட ஏதோ எடுக்க உள்ளே போக, மாமாவும் பின்னாலேயே போனார். கவிதா அக்கா திரையில் குனிந்து கேட்டாள். "அப்பா இன்னும் அந்த ரிஃப்ரெஷ்ஷையா பண்ணிக்கிட்டு இருக்காரு?"

"நீங்களே சொல்லுங்கக்கா. அதனால ஒண்ணும் ஆகாதுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன்."

"அது நான் சொல்லிக் குடுத்ததுடி. சின்னப் புள்ளையா இருக்கப்ப, இது தொறக்க நேரமாகும்ல. பக்கத்துல உக்காந்துகிட்டு, 'அடுத்து என்னத்தா, அடுத்து என்னத்தா'ன்னு பிடுங்குவாரு. தொல்லை பொறுக்காம, ரிஃப்ரெஷ் பண்ணுங்கப்பான்னு மவுஸக் கையில குடுத்துருவேன். மொதத் தடவ இங்க கெளம்புறப்ப, திருச்சி ஏர்போர்ட்ல வச்சுக் கேக்குறாரு, 'நீ போயிட்டா கம்ப்யூட்டர நான் என்னத்தா பண்றது'ன்னு. ரிஃப்ரெஷ் பண்ணுங்கப்பான்னு சொல்லிட்டு உள்ள போயிட்டேன்." குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். "ஒண்ணும் ஆகாதுன்னு இனிமே சொல்லாதடி."

நான் சொல்லவில்லை. கம்ப்யூட்டர் மூலையில் தங்கியது. வாஷிங் மிஷின் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது. குழாயிலிருந்து நீளமான ஹோஸ் வீட்டைக் குறுக்கே கடந்து வருகிறது. வருகிறவர்களெல்லாம் அதைத் தாண்டித்தான் உட்கார வேண்டும்.

அத்தோடு முடிந்ததா என்றால் இல்லை. "விண்டோஸ விட லினக்ஸ்ல ரிஃப்ரெஷ் நல்லா கூர்மையா இருக்கு" என்று மாமா உரக்கடையில் உட்கார்ந்து பிரசாரம் பண்ணி, தெருவில் இன்னும் சில வீடுகள் லினக்ஸுக்கு மாறிவிட்டன. பாதுகாப்பு, வேகம், சுதந்திரம் என்று நான் தொண்டை வறளப் பேசியபோது ஒருவர்கூட மாறவில்லை. இப்போது வந்து, "அந்த ரிஃப்ரெஷ் வச்ச லினக்ஸ்தானே, அதைப் போடு" என்கிறார்கள். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் மாமாவும் அத்தையும் மஸ்கட் கிளம்பினார்கள், பேத்தியை நேரிலேயே பார்க்க. எனக்கும் வீட்டிலிருந்தே செய்கிற வேலை கிடைத்துவிட்டதால், திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் வழியனுப்பப் போனேன். பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"நாங்க போயிட்டா கம்ப்யூட்டருக்கு யாருத்தா இருக்கா?"

"நான் பாத்துக்கிறேன் மாமா. நீங்க போங்க."

சாவி என்னிடம்தான் இருக்கிறது. சாயங்காலம் வேலை முடிந்ததும் போய்க் கம்ப்யூட்டரைப் போடுகிறேன். அதில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. வலது பட்டனை அமுக்கி, ஒரு தடவை ரிஃப்ரெஷ் பண்ணிவிட்டு, அணைத்துவிட்டு வருகிறேன்.